பழைய கல்விச் சங்கத்துப் புத்தகசாலை

நம் கல்லூரிப் புத்தகசாலையின் பின்னறையிலுள்ள ஓலைச்சுவடிகளைக் கண்ணாடிப் பேழையிலிட்டுப் பூட்டி, ஆண்டு விழாவன்று மட்டும் விருந்தினர்க்குக் காட்டிவரலாம் என்பது நண்பர் சிலருடைய கருத்து. அன்னாரது நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. எனினும், பூட்டுக்கு முன்னர்ப் பட்டியலும் படியும் வேண்டும் என்பதே நம் துணிபு. இத்துணிபுக்கு ஆதாரம் இச்சென்னை மாநகரில் நிகழ்ந்த ஒரு பழைய வரலாறு.

கி.பி. 1812-இல் எல்லிஸ் துரை முன்னின்று நிறுவியது சென்னைக் கல்விச் சங்கம். சீமையிலிருந்து வந்த இளைய அதிகாரிகள் தமிழும் தெலுங்கும் கற்கும் பொருட்டு ஏற்பட்ட அச்சங்கத்தில் அச்சுக்கூடமும் இருந்தது, புத்தகசாலையும் இருந்தது. 1816-இல் சங்கத்து மானேஜர் முத்துசாமிப் பிள்ளை, வீரமாமுனிவர் நூல்களைத் தேடும்படி தென்னாட்டுக்கு அனுப்பப்பட்டார். முனிவரின் சதுரகராதி 1824-இல் அச்சங்கத்தின் வாயிலாகவே அச்சேறிற்று. ஹாரிங்டன் துரையிடம் பட்லராயிருந்த தம் பாட்டனார் கந்தப்பன் என்பார் எல்லிஸ் துரைக்குத் திருக்குறள் ஏடு கிடைக்கச் செய்தார் என அயோத்திதாசப் பண்டிதர் எழுதியிருக்கின்றார். ஏடு காத்தவர் யாவர் என்று கேட்டால், மடங்களையும் புலவர்களையும் மட்டும் சொல்லி நிறுத்துவார் இதனை நினைவில் வைத்தல் நலம்.

இத்துணை ஆர்வமுடைய எல்லிஸ் துரையின் சொந்தக் கையெழுத்துக் காகிதங்கள் யாதாயின? அவர் 1819-இல் இராமநாதபுரத்தில் எதிர்பாராது இறந்தார். அவர் காகிதங்களிற் பெரும்பகுதி, ஒரு துரைவீட்டுச் சமையற்காரனுக்குப் பல மாதம் அடுப்பு மூட்டவும் கோழி பொசுக்கவும் பயன்பட்டதாக வால்டர் எலியட் துரை பிற்காலத்தில் கூறினார். எஞ்சிய சிலவற்றை எலியட் துரை போப்பையரிடம் கொடுக்க, அவை ஆக்ஸ்போர்டு சேர்ந்தன. தென்னாட்டு மொழிகள் ஓரினம் என எல்லிஸ் காட்டிய கட்டுரையோ, கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணத்துக்கு நாற்பதாண்டு முன்னர், 1816-இலேயே காம்பெல் துரையின் தெலுங்கு இலக்கணத்துக்கு முன்னுரையாக அச்சாகியிருந்தது. படியெடுத்துப் பலர் கைக்குச் சென்றது பிழைத்தது. ஒரே பெட்டியில் இருந்தது அடுப்புக்குச் சென்றது.

மெக்கன்சி துரையின் திரட்டும் இதே புத்தகசாலைக்கு வந்ததுதான். நில அளவைக்குச் சென்ற ஊர்தோறும் அவருடைய துணைவர்கள், காவலி வெங்கட போரய்யா, இலட்சுமய்யா முதலானோர், கல்வெட்டும் கைபீதும் ஏடும் திரட்டினர். 1821-இல் மெக்கன்சி இறந்தபின் கம்பெனியார் அத்திரட்டை இலட்ச ரூபாய் கொடுத்து வாங்கினர். அதில் தென்மொழிப் பகுதி பின்னர்ச் சென்னைக்குத் திரும்பிக் கல்விச் சங்கத்தில் வைக்கப்பட்டது. வேலையைத் தொடர அனுமதிக்குமாறு இலட்சுமய்யா வேண்டினார், கிடைக்கவில்லை. அந்த ஏடுகளை நேரிற் சென்று வாங்கியவருக்குத் தெரிந்த செய்திகளில் எத்தனையோ எழுதப்படாமலே போயின என்பதில் ஐயமில்லை. அவ்வேலை டெய்லர் பாதிரியாரிடம் வந்தபோது பல சுவடிகளைப் பூச்சி அரித்திருந்தது. அவற்றைப் புதிதாகப் படியெடுக்க வேண்டியதாயிற்று. அவருடைய பட்டியலின் முதற்பகுதி 1857-இல் வெளிவந்தது. அதன் தலைப்பிலேயே அச்சங்கம் 'காலஞ்சென்ற' சங்கம் எனக் குறிக்கப்பட்டிருக்கிறது. கலாசாலை மறைந்தது, அதன் ஏடுகளுக்குப் பட்டியல் பிறந்தது! லேடன் சேர்த்த சுவடிகள் இலண்டனிற் கிடந்ததைக் கண்டு பிரௌன் துரை சென்னைக்கு அனுப்புவித்தார். தம்முடைய சுவடிகளையும் கொடுத்தார். இம்மூன்று திரட்டுமே 1869-இல் ஏற்பட்ட அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்துக்கு அடிப்படை.

அந்நூலகம் இப்போது கோட்டூர்புரத்தில் உள்ளது. அபிராமபுரத்தில் வாழ்வார் அடையாற்றைக் கடந்தால் அதனை அடையலாம். 1886-இல் ஏற்பட்ட அடையாற்றுப் புத்தகசாலையும், 1943-இல் ஏற்பட்ட டாக்டர் சாமிநாதையர் நூல்நிலையமும் தொலைவில் இல்லை. இவ்வளவு அருகிலிருந்தும் நம் மாணவரில் எத்தனை பேர் அங்கே அடிவைத்தனர் என்று கேட்க நாணுகின்றோம்.

ஏடுகள் மாணவர் கைபட்டால் ஒடியுமே என்பர். ஒடியும், உண்மை. ஆதலாற்றான் முதலில் நிழற்படம் எடுக்க வேண்டும் என்கிறோம். அதன்பின் ஏட்டைத் தொட வேண்டிய அவசியம் அரிது. ஆனால் நிழற்படம் மட்டும் போதாது. ஏட்டெழுத்திற் புள்ளி இல்லை. எகர ஏகார வேற்றுமையும், ஒகர ஓகார வேற்றுமையும் இல்லை. காலும் ரகரமும் ஒரே வடிவு. 'கொடு' என்று எழுதியதைக் 'கோடு' என்றும் படிக்கலாம், 'கெரடு' என்றும் படிக்கலாம். எது பொருந்தும் என்று தேர்வது இலக்கியப் பயிற்சியுடையார்க்கே கைகூடும். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை மிஷன் செமினரியிற் பயின்று, 1857-இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளில் ஒருவரான சி. வை. தாமோதரம் பிள்ளை, வீரசோழியத்தையும் கலித்தொகையையும் இத்தகைய ஏடுகளிலிருந்தே பதிப்பித்தார். அவர் ஆங்கிலக் கல்வி அவருக்கு இடையூறாயிருக்கவில்லை.

படம் பிடித்து யாராலும் படிக்கப்படாமற் கணிப்பொறியிற் கிடக்கும் ஏட்டுக்கும் பேழையிற் கிடக்கும் ஏட்டுக்கும் நாம் பெரிய வேற்றுமை காணோம்.

ஆகவே நம் வேண்டுகோள் இது. சனிக்கிழமை மாலைதோறும் இரண்டு மணி நேரம், தமிழாசிரியர் ஒருவர் துணையோடு, ஆறு மாணவர் அமர வேண்டும். ஒவ்வொரு கட்டுக்கும் நூற்பெயர், ஏட்டின் எண்ணிக்கை, முதல் வரி, இறுதி வரி, எழுதினவர் பெயர், கொடுத்தவர் பெயர் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். தம் வீட்டுச் சுவடிகளை இங்கே அளித்த பழைய மாணவர் எவரேனும் இருப்பின், அவை எவ்வூரில் எவரிடமிருந்து வந்தன என்பதை ஒரு கடிதத்திலேனும் எழுதியனுப்புமாறு வேண்டுகின்றோம். இலட்சுமய்யாவிடம் கேளாது விட்டதை நாம் இவர்களிடமேனும் கேட்போம். பெயர் கொடுக்க விரும்பும் மாணவர் இம்மாத இறுதிக்குள் புத்தகசாலை அதிகாரியைக் காணலாம். தொடங்குவதற்குரிய கட்டு, கீழ்த்தட்டில் இடக்கோடியிலுள்ளது. அதன் கயிறு இற்றுவிட்டமையால், கையிலெடுப்பவர் இரு பலகைகளையும் சேர்த்துப் பிடித்தெடுக்க வேண்டும்.