காலத்தைத் திருத்தும் உரிமை எவருக்கு?

லோஹேகாவில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய விழாவொன்றில் நாம் ஒரு நாடகம் கண்டோம். மகேந்திரவர்ம பல்லவன் நகைச்சுவை நாடகம் புனைகிறான். சீனப் பயணி யுவான் சுவாங் அருகமர்ந்து காட்சிகள் சொல்லிக் கொடுக்கிறார். அரங்கம் ஆர்ப்பரித்தது, நாமும் கைதட்டினோம். பின்னர் நம் இல்லத்துச் சிறுமி இதனையே வரலாற்றுத் தேர்வில் எழுதிச் சிவப்பு மைக்கோடு பெற்று வந்தாள். “மேடையில் பார்த்தோமே, அப்பா!” என்றாள். விடைகூற நமக்கு நா எழவில்லை.

“நாடகந்தானே! கற்பனைக்கு வேலி உண்டோ?” என்பர் சிலர். வேலி வேண்டா, ஆயின் கற்பனையைக் கற்பனையென்று அறிவிக்க வேண்டாவா? மகேந்திரவர்மன் மறைந்தது ஏறத்தாழக் கி.பி. 630இல். யுவான் சுவாங் பல்லவநாடு வந்தது 640ஐ ஒட்டி. அப்போது அரசாண்டவன் மைந்தன் நரசிம்மவர்மன். அலுவலகக் கோப்பில் தேதியைப் பத்து நாள் முன்தள்ளி எழுதினாலே குற்றம். இங்கே பத்தாண்டு தள்ளப்பட்டது, கேட்பாரில்லை.

இப்பிழை நமக்கு மட்டும் உரியதன்று. போஜப்பிரபந்தம் காளிதாசனைப் பதினோராம் நூற்றாண்டுப் போஜனின் அவையில் அமர்த்திற்று. ஆயின் 634ஆம் ஆண்டின் ஐஹொளெக் கல்வெட்டிலேயே புலவன் ரவிகீர்த்தி காளிதாசன் பெயரைப் பொறித்துவிட்டான். கதை மயக்கியதைக் கல் தெளிவித்தது.

இனி, இழப்பு யாதெனக் காண்போம். வடமொழியில் மகேந்திரன் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம் காஞ்சித் தெருவையே நம் கண்முன் நிறுத்துகிறது. கள்வெறியில் தள்ளாடும் காபாலிகன், அவனது கபாலத்தைக் கவ்விச் சென்ற நாய், திருட்டுப்பழி சுமந்த புத்தத் துறவி என அனைவரையும் மன்னன் எள்ளி நகையாடுகிறான். யுவான் சுவாங்கோ அந்நாட்டில் 100க்கு மேற்பட்ட புத்த மடங்களும், 10,000 துறவியரும், 80 தேவாலயங்களும் இருந்தனவெனக் குறித்தார். ஒருவர் நகைத்தார், ஒருவர் பக்தியோடு எண்ணினார். ஒருவரையொருவர் அறியாத இவ்விருவர் சொல்லும் ஒத்துப்போவதாலன்றோ, காஞ்சியில் பௌத்தம் தழைத்திருந்தது ஐயமற நிலைபெறுகிறது! முன்னிரவே கூடிப் பேசிய இரு சாட்சிகளை எந்த நீதிமன்றம் நம்பும்? இருவரையும் ஒரே பலகையில் அமர்த்தி, அச்சாட்சியத்தையே அந்நாடகம் கெடுத்துவிட்டது.

காஞ்சியிலிருந்து வடக்கே சென்ற அப்பயணி, புலிகேசி ஆண்ட இம்மராட்டிய மண்ணையும் மிதித்தார். இங்குள்ளோர் நன்றி மறவாதவர், பழிவாங்குமுன்னும் பகைவனுக்கு எச்சரிக்கை விடுப்பவர் என்று எழுதினார். காஞ்சியையும் மராட்டியத்தையும் ஒருவரே கண்டெழுதிய இவ்வுண்மையன்றோ நம் பிள்ளைகள் மராத்தித் தோழரிடம் தலைநிமிர்ந்து சொல்லத்தக்கது?

ஊரிலுள்ள பிள்ளைகள் பிழையாகக் கற்றாலும் திருத்தக் கோயிலும் கல்வெட்டும் அருகே உண்டு. நம் பிள்ளைகட்கோ இம்மேடையே தமிழகம். ஆகவே நாடகம் எழுதுவோர் அழைப்பிதழில் இரண்டு வரி சேர்க்கட்டும்: நிகழ்ந்தது இது, யாம் புனைந்தது இது. அதன்பின் எத்தனை நூற்றாண்டைத் தாண்டினாலும் நாம் மனமாரக் கைதட்டுவோம்.