தாழ்ப்பாள் துப்பாக்கியும் மக்காச்சோளக் காடும்

போன மார்கழியில் என் அக்கா மகன் வேப்பந்தட்டைப் பக்கத்திலிருந்து வந்திருந்தான். மூன்று ஏக்கர் மக்காச்சோளம் போட்டிருந்தான். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் காட்டுப்பன்றி இறங்கி ஒன்றரை ஏக்கரைச் சாய்த்துவிட்டது. தின்றது கொஞ்சம், மிதித்தது அதிகம். பச்சைமலை அடிவாரத்தில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை.

காப்பி குடித்து முடித்ததும் கைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான்.

"மாமா, இந்த மாதிரி போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். பன்னிக்கும் ஆகணும், சின்னவன் போட்டிக்குச் சுடப் பழகறதுக்கும் ஆகணும். நீங்கதான் அந்த செக்‌ஷன்ல இருந்தவராச்சே, எது நல்லதுன்னு சொல்லுங்க."

சின்னவன் அவன் மகன், ப்ளஸ் ஒன் படிக்கிறான். 2022 ஜூலையில் திருச்சியில் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி நடந்து, நடிகர் அஜித் வந்து கலந்துகொண்டார் அல்லவா, அன்று பிடித்த ஆசை.

நான் அரசு அலுவலகம் ஒன்றில் சில வருடம் துப்பாக்கி உரிமக் கோப்புகளைப் பார்த்தவன். சுட்டதில்லை. ஆனால் துப்பாக்கியோடு என் பழக்கம் அதற்கும் முன்பே காரைக்காலில் தொடங்கியது. அங்கே தாத்தா வீட்டில் தங்கிப் பிரெஞ்சு வழியில் படித்தேன். கணக்கும் பூகோளமும்கூடப் பிரெஞ்சில்தான். சின்னத் தாத்தா ஒருவர் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். இந்தோசீனாவில் மாஸ் 36 என்ற துப்பாக்கியைச் சுமந்தவர். திண்ணையில் ஊன்றுகோலை வைத்துக்கொண்டு அதை இயக்கிக் காட்டுவார். பிடியைத் தூக்கு, பின்னுக்கு இழு, முன்னே தள்ளு, கீழே மடக்கு. பிரெஞ்சில் இந்த வகைக்கு 'ஆ வெரு' என்று பெயர். வெரு என்றால் தாழ்ப்பாள். நம் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளை நினைத்துக்கொண்டால் போதும், முழு இயந்திரமும் புரிந்துவிடும். தோட்டா உள்ளே போய்க் கதவு தாழிட்டுக்கொள்கிறது, சுடும் நேரத்தில் ஆடுகிற பாகம் குறைவு, அதனால் குறி சுத்தம். ஜெர்மனியின் மௌசர் 1898-இல் செய்த அமைப்பைத்தான் இன்றும் பல வேட்டைத் துப்பாக்கிகள் பின்பற்றுகின்றன. ஜிம் கார்பெட்டின் புகழ்பெற்ற .275 ரிக்பியும் அந்த வம்சம்தான்.

மாஸ் 36-இல் பாதுகாப்புப் பூட்டு கிடையாது. "குழல்ல தோட்டா வெச்சுக்கிட்டு நடக்கவே கூடாது" என்பார் சின்னத் தாத்தா. அந்த ஒரு வரி எனக்கு அலுவலகத்தில் படித்த விதிகளைவிட அதிகம் நினைவிருக்கிறது.

பிரெஞ்சு வேட்டைக்காரர்கள் இன்னொன்றும் செய்கிறார்கள். உள்ளே திருகு வரி வெட்டி ஒற்றைக் குண்டு போடுவதைக் கராபீன் என்பார்கள், வழுவழுப்பான குழலில் ரவை போடுவதை ஃபுசி என்பார்கள். நமக்கு எல்லாம் துப்பாக்கி. என் மருமகன் குழம்பியது இந்த இடத்தில்தான்.

இனி சட்டத்துக்கு வருவோம். சலிப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். 1959-ஆம் வருட ஆயுதச் சட்டம், 13-ஆம் பிரிவு, மூன்றாவது உட்பிரிவு. பயிரைக் காக்க விரும்புகிறவருக்கு அது சொல்வது வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. அது போதாது என்று அதிகாரி கருதினால் வரி வெட்டாத குழலுள்ள வேறு துப்பாக்கி கொடுக்கலாம். இலக்குப் பயிற்சி செய்கிறவருக்குச் சொல்வது .22 ரைஃபிள் அல்லது காற்றுத் துப்பாக்கி, அதுவும் அங்கீகரிக்கப்பட்ட ரைஃபிள் கிளப்பின் உறுப்பினராக இருந்தால். இரண்டு வேலைக்கு இரண்டு துப்பாக்கி என்று சட்டம் எழுதியவர்கள் அன்றைக்கே பிரித்துவிட்டார்கள். நன்றாகத் தெரிந்துதான் பிரித்திருக்கிறார்கள் என்பது என் கட்சி.

இந்தியாவில் சாதாரணக் குடிமகன் வாங்கக்கூடிய பெரிய ரைஃபிள் என்றால் வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 தான் பெயர் பெற்றது. பட்டாளத்துத் தோட்டா வெளியே கசியக் கூடாது என்பதால் .303 நமக்குக் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு அது. .315 பன்றியை வீழ்த்தும். ஆனால் அதை வைத்துப் பிள்ளை போட்டிக்குப் பழக முடியாது. தோள் வலிக்கும், தோட்டா விலை கட்டாது, ஒலிம்பிக்கில் அந்த அளவுக்கு இடமே இல்லை. சரி, .22 வாங்கலாமென்றால் அது பன்றியைக் கொல்லாது, புண்ணாக்கி அனுப்பும். புண்பட்ட பன்றி அடுத்த வயலில் களை எடுக்கும் பெண்மேல் பாயும்.

இன்னொரு பேச்சும் உண்டு. .22 குண்டே தவறினால் ஒரு மைல் போகும். .315 அதைவிட வெகுதூரம். நம் பக்கம் தட்டைக் காடு, ஆள் உயரத்துக்கு மேல் சோளத்தட்டை, அதற்குள் நாலு திசையிலும் காவலுக்குப் பரண் போட்டுப் படுத்திருக்கும் ஆட்கள். பன்றிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இருட்டில் யார் பார்ப்பது?

போகட்டும், 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் வேட்டை என்ற சொல்லுக்கே இங்கே இடமில்லை. லைசென்ஸ் உள்ள துப்பாக்கியால் சுட்டாலும் குற்றம்தான். 2025 ஜனவரியில் நம் அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக் கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடலாம், 3-ஐத் தாண்டினால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். நல்லதுதான், ஆனால் பன்றி இரவு ஒரு மணிக்கு வருகிறது, குழு எப்போது வரும்? கேரளத்தில் 2022-லேயே பஞ்சாயத்துத் தலைவருக்கு உத்தரவிடும் அதிகாரம் கொடுத்து, உரிமம் உள்ள நல்ல குறிகாரர்களைப் பட்டியல் போட்டு வைத்துவிட்டார்கள். ஊருக்கு ஒருவர், பதில் சொல்லும் பொறுப்புள்ளவர். இங்கும் அதுதான் வேண்டும் என்பேன். ஒவ்வொரு விவசாயி வீட்டிலும் ஒரு ரைஃபிள் வேண்டாம்.

இதைச் சொன்னதும் மருமகன் கோபப்பட்டான். "ஏசி ரூம்ல உக்காந்து சொல்லலாம் மாமா" என்றான். என் வீட்டில் ஏசி கிடையாது. ஆனாலும் அவன் சொன்னது சுட்டது, காரணம் உண்டு.

தொண்ணூறுகளின் கடைசியில் என் மேசைக்கு ஒரு மனு வந்தது. கடலைக் காட்டைப் பன்றி கிளறுகிறது, வாய் வழியே கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும் என்று ஒரு சிறு விவசாயி எழுதியிருந்தார். நேர்மையான மனு. அந்தத் துப்பாக்கியால் பெரும்பாலும் வெறும் மருந்தைக் கெட்டித்து வெடி ஓசை எழுப்பித்தான் விரட்டுவார்கள். நான் சர்வே எண்ணோடு கிராமப் பெயர் இல்லை என்று திருப்பினேன். திருத்தி வந்தது. அடங்கல் நகல் பழையது என்று திருப்பினேன். மறுபடி வந்தது. பிறகு அறிக்கைக்கு அனுப்பி, நினைவூட்டு எழுதாமல் ஐந்து மாதம் வைத்திருந்தேன். யாரும் என்னிடம் காசு கேட்கச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெறும் சோம்பல்.

அவர் வேலியில் மின்சாரக் கம்பி கட்டினார். ஒரு மழை நாள் விடியலில், தான் கட்டியதை மறந்து தானே மிதித்தார். நான் பேப்பரில் பார்த்தேன். பெயரும் ஊரும் பொருந்தின. 'மனுதாரர் இறந்துவிட்டபடியால் மேல்நடவடிக்கை அவசியமில்லை' என்று குறிப்பு எழுதிக் கோப்பை முடித்தேன். துப்பாக்கி கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்கு உறுதி சொல்லத் தெரியாது. சட்டம் அவருக்குக் கொடுத்ததை நான் கொடுக்கவில்லை, அவ்வளவு தெரியும்.

இதை மருமகனிடம் சொன்னேன். என் மனைவிகூட அன்றுதான் முதல்முறை கேட்டாள். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கம்பி கட்டலாம்னு நானும் நெனச்சேன்" என்றான். இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய கம்பிச் சுருள் மாட்டுக்கொட்டகையில் கிடக்கிறதாம். அதை எடைக்குப் போட்டுவிடு என்று சத்தியம் வாங்கினேன். சேதத்துக்கு இழப்பீட்டு மனுவை அன்று மாலையே இருவரும் உட்கார்ந்து எழுதினோம்.

சின்னவன் விஷயத்துக்கு என் யோசனை இது. முதலில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி. நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அளவில் போனது அந்தப் பிரிவில்தான். இரண்டு வருடம் கழித்து ஆசை தணியாவிட்டால் கிளப் மூலமாக .22 தாழ்ப்பாள் ரைஃபிள். பாரிஸில் 2024-இல் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியது அந்த வகையில். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். 50 மீட்டர் தூரத்தில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், ஒரு கொண்டைக்கடலை அளவு. மண்டியிட்டு, படுத்து, நின்று என்று மூன்று நிலையில் அறுபது குண்டு. அதற்குப் பன்றி தேவையில்லை.

போன வாரம் சின்னவன் கிளப் விண்ணப்பத்தோடு வந்தான். நான்தான் நிரப்பினேன். முகவரியில் கிராமப் பெயர் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுக் கொடுத்தேன்.