வால்யூமைத் துடைக்கும் முன்

எனக்கு வால்யூம் என்றால் ஒலிபரப்புக் கூடத்தில் கூட்டிக் குறைக்கும் சத்தம். கூலிம் ஹை-டெக் பூங்காவில் வேலை செய்யும் சுங்கைப்பட்டாணி பிள்ளைகளுக்கோ அது டாக்கர் மென்பொருளில் தரவு தங்கும் இடம்.

தோட்டத்துப் பெரியவர்கள் லயத்து வாழ்க்கையைப் பேசிய ஒலிப்பதிவுகளை அப்படியொரு வால்யூமில் வைத்திருக்கிறார் நேயர் தம்பி ஒருவர். பேசிய பாட்டிகளில் இருவர் இப்போது இல்லை. "மடிக்கணினி நிறைஞ்சு போச்சு, சும்மா கிடக்கிறதையெல்லாம் ஒரே கட்டளையில துடைச்சிரலாமா அக்கா?" என்று கேட்டார்.

கொஞ்சம் பொறுங்க தம்பி. கன்டெய்னரை அழித்தாலும் பெயர் வைத்த வால்யூம் தங்கும். ஆனால் டாக்கரின் கணக்கில் அது அப்போது 'யாரும் பயன்படுத்தாதது'. 'டாக்கர் வால்யூம் புரூன்' என்று தட்டினால், 2023இல் வந்த 23.0 பதிப்பு முதல் பெயரில்லாதவை மட்டுமே போகும். அதற்கு முந்தையதில் பெயருள்ளதும் சேர்ந்து போகும். புதியதிலும் '-ஏ' சேர்த்தால் அதே கதிதான். குப்பைத்தொட்டி என்று ஒன்று அங்கே கிடையாது.

முதலில் 'டாக்கர் சிஸ்டம் டிஎஃப்' போட்டுப் பாருங்கள். இடத்தைத் தின்பது பழைய இமேஜ்களாகவும் இருக்கலாம். ஒலிப்பதிவுகளை வேறு வட்டில் நகலெடுத்து, ஓட்டிக் கேளுங்கள். கேட்காத நகலை நான் நகலாகவே எண்ணுவதில்லை, வானொலிப் பழக்கம். பிறகு 'டாக்கர் வால்யூம் ஆர்எம்' என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி நீக்குங்கள். நிறுத்தி வைத்த கன்டெய்னர் ஒன்று பிடித்திருந்தாலும் அது நீக்க மறுக்கும். எரிச்சலாக இருக்கும், இருக்கட்டும்.