மணியை அடக்காதே, பழுதைத் தேடு!



ஆலையிலே எச்சரிக்கை மணி அடிக்கிறது. மின்கம்பி ஒன்று எங்கோ பூமியைத் தொட்டுவிட்டது என்று பொருள். எந்திரமோ நிற்கவில்லை. "ஓடுகிற எந்திரத்தை ஏன் நோண்டுகிறீர்கள்? மணியை நிறுத்துங்கள், போதும்!" என்று உத்தரவிடுகிற நிர்வாகங்கள் உண்டு. கேட்கிறேன்: நோய்க்கு மருந்து தேடாமல் நோயாளியின் வாயைப் பொத்துவதா வைத்தியம்?

எந்திரம் ஏன் நிற்கவில்லை? 415 வோல்ட் மின்மாற்றியின் நியூட்ரலுக்கும் பூமிக்கும் இடையிலே ஒரு மின்தடையை வைத்திருக்கிறார்கள். அது 48 ஓம் என்றால், அதன் வழியே 5 ஆம்பியருக்கு மேல் பாயாது. ஃபியூஸ் போகாது, உற்பத்தி நிற்காது. நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் அது நமக்குத் தருவது தவணை, தள்ளுபடி அல்ல!

ஒரு பேஸ் பூமியைத் தொட்டதும், மற்ற இரண்டு பேஸ்களுக்கும் பூமிக்கும் இடையே 240 வோல்டாக இருந்த அழுத்தம் 415 ஆக ஏறுகிறது. நைந்த கேபிளோ, ஈரம் ஏறிய மோட்டாரோ, எது தாங்கவில்லையோ அது முறியும். அப்போது பேஸும் பேஸும் பூமி வழியே மோதும். நடுவே தடுக்க அந்த மின்தடை இராது. 5 ஆம்பியர் ஆயிரக்கணக்கில் பெருகும், தீப்பிழம்பு எழும். அதன் எதிரே நிற்பவர் யார்? மணியை நிறுத்தச் சொன்னவரா? அல்ல, தொழிலாளி!

பழுதைத் தேட ஆலையை மூடவேண்டும் என்பார்கள். வேண்டாம்! துடிப்பு முறை இருக்கிறது. மின்தடையின் பாதியை விட்டு விட்டுக் குறுக்கிணைத்தால், மின்னோட்டம் 5, 10 என்று மாறி மாறித் துடிக்கும். பயிற்சி பெற்ற மின்பணியாளர், உரிய பாதுகாப்போடு, மூன்று பேஸ் கம்பிகளையும் ஒன்றாகக் கிளாம்ப் மீட்டரின் வளையத்துக்குள் கொண்டுவரட்டும். பூமிக்கம்பி மட்டும் வெளியே இருக்கட்டும். பழுதில்லாத ஃபீடரில் அந்தத் துடிப்பு இராது. பழுதுள்ளதில் மீட்டர் ஏறி இறங்கும். அதைத் தொடர்ந்து சென்றால், துடிப்பு எங்கே மறைகிறதோ, அதற்குச் சற்று முன்னேதான் பழுது!

வழி இருக்கிறது, கருவி இருக்கிறது. இல்லாதது அக்கறை ஒன்றுதான். ஆகவே கேளுங்கள்: மணி அடித்த நேரம் பதிவேட்டில் ஏறட்டும்! அந்த ஷிப்டிலேயே தேடல் தொடங்கட்டும்! பழுது நீங்கிய பிறகே மணி ஓயட்டும்!

இது சலுகை கேட்பது அல்ல, தோழர்களே. உயிரோடு வீடு திரும்பும் உரிமையைக் கேட்பது!