யசுனிக்கு வாக்களித்த பிறகு

2023 ஆகஸ்ட் 20 அன்று ஈக்வடார் மக்கள் அதிபர் தேர்தலோடு சேர்த்து ஒரு கேள்விக்கும் வாக்களித்தார்கள். அமேசான் காட்டிலுள்ள யசுனி தேசியப் பூங்காவின் 43-ஆம் எண் எண்ணெய் வயலில் இருக்கும் கச்சா எண்ணெயை மண்ணுக்கடியிலேயே விட்டுவிடலாமா? விட்டுவிடலாம் என்றார்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 59 பேர். எண்ணெய் ஏற்றுமதியை நம்பி வாழும் ஒரு நாடு இப்படிச் சொன்னது சாதாரணமல்ல. யசுனியில் ஒரே ஹெக்டேர் நிலத்தில் 600-க்கும் மேற்பட்ட மர இனங்கள் நிற்கின்றன. வெளியுலகத் தொடர்பே வேண்டாம் என்று டகாயெரி, டாரொமெனானி குடிகள் ஒதுங்கி வாழும் காடு அது. நான் அந்த நாட்டுக் குடிமகனாக இருந்திருந்தால் அந்த 59 பேரில் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.

ஆனால் அந்த வயலின் எண்ணெய்க் கிணறுகள் இருக்கும் ஒரெயானா மாகாணத்தில் பெரும்பாலோர் எண்ணெய் எடுப்பது தொடரட்டும் என்றே வாக்களித்தார்கள். காட்டைக் காக்கும் குரல் ஓங்கி ஒலித்தது தொலைவிலிருக்கும் கீட்டோ போன்ற நகரங்களில். வாவோரானி பழங்குடியினரிலும் இரு பக்கமும் பேசியவர்கள் உண்டு. இதை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையின் படிப்பும் வீட்டு அடுப்பும் எண்ணெய்ப் பணத்தை நம்பியிருக்கும்போது, அதை நிறுத்தச் சொல்லிக் கேட்பவர் மாற்றாக எதைக் கொண்டுவந்தார் என்று பார்ப்பதுதானே இயல்பு?

உலகமும் வெறுங்கையோடுதான் வந்தது. 2007-இல் அதிபர் ரஃபேல் கொரேயா ஐ.நா. சபையில் ஒரு யோசனை வைத்தார். எண்ணெயை எடுக்காமல் விடுகிறோம், இழக்கும் வருமானத்தில் பாதியாக 360 கோடி டாலரை உலகம் தரட்டும் என்றார். 2013-இல் அவர் அத்திட்டத்தைக் கைவிட்டபோது கைக்கு வந்திருந்தது சுமார் 1.3 கோடி டாலர். நூறு ரூபாய் கேட்டவருக்கு முப்பத்தாறு காசு. 2016-இல் எண்ணெய் பாயத் தொடங்கியது.

இப்போது மக்கள் தீர்ப்பும் அதே வழியில் போய்விடக் கூடாது. கிணறுகளை மூட நீதிமன்றம் கொடுத்த ஓராண்டுக் கெடு 2024-இலேயே முடிந்தது. அப்போதும் பெரும்பாலான கிணறுகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. வருமானம் போகும், மூடப் பல ஆண்டுகள் ஆகும் என்றது அரசு. வருமானம் போவது உண்மைதான். அந்த இழப்பை யார் தலையில் வைப்பது என்பதை வாக்குச்சீட்டு தீர்க்கவில்லை. வாக்களித்தவர்கள்தான் தீர்க்க வேண்டும். கீட்டோவின் நடுத்தர வர்க்கம் கூடுதலாக ஒரு பங்கு வரி கட்டத் தயாராக வேண்டும். கடன் கொடுத்த நாடுகள் வட்டியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டும். அமேசான் எண்ணெயை வாங்கி எரித்தவர்களுக்கும் இதில் பங்குண்டு.

கிணறுகளை அடைப்பது, குழாய்களைப் பிரிப்பது, எண்ணெய் ஊறிய மண்ணை அகற்றுவது, மரம் நடுவது என்று ஆண்டுக்கணக்கில் வேலை காத்திருக்கிறது. அதை வெளியூர் ஒப்பந்தக்காரர்களிடம் விடாமல், ஒரெயானாவின் இளைஞர்களை அரசு முதலில் கூப்பிடட்டும்.