உடலுக்குள் ஒரு வக்து

2007 அக்டோபர் 10 அன்று, ரமளான் மாதத்தின் இறுதி நாட்களில், மலேசிய மருத்துவர் ஷேக் முஸஃபர் ஷுகூர் பைக்கோனூர் ஏவுதளத்திலிருந்து பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டார். அந்நிலையம் சுமார் 90 நிமிடங்களில் பூமியை ஒருமுறை சுற்றிவிடுகிறது. ஆகவே அதில் இருப்பவர் 24 மணி நேரத்துக்குள் 16 முறை சூரியன் உதிப்பதையும் 16 முறை மறைவதையும் காண்பார். ஒவ்வோர் உதயத்தையும் ஒரு நாளின் தொடக்கமாகக் கொண்டால் அவர் 80 வேளை தொழ வேண்டியிருக்கும். மலேசிய உலமாக்கள் கூடி ஆராய்ந்து, 24 மணி நேரத்துக்கு ஐந்து வேளையே கடமை, புறப்பட்ட இடத்தின் நேரத்தைக் கொண்டு வக்தைக் கணக்கிட்டுக்கொள்ளலாம் என்று வழிகாட்டினார்கள்.

இந்தத் தீர்வுக்கு மார்க்கத்தில் முன்பே அடிப்படை உண்டு. தஜ்ஜாலின் காலத்தில் ஒரு நாள் ஓராண்டைப் போல நீளும் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தபோது, அன்று ஒரு நாளின் தொழுகை போதுமா என்று ஸஹாபாக்கள் வினவினார்கள். போதாது, நேரத்தை மதிப்பிட்டுத் தொழ வேண்டும் என்ற பொருளில் பதில் கிடைத்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். சூரியனைக் கண்ணால் பார்த்து வக்தை அறிய இயலாதபோதும் நாளின் அளவு மாறுவதில்லை என்பதே ஃபுகஹாக்கள் அதிலிருந்து எடுத்த சட்டம்.

வக்துக்கு இவ்வாறு விடை கிடைத்தது. உடலின் நிலை என்ன? விண்வெளி வீரர்கள் கிரீன்விச் நேரப்படி எழுந்து, உண்டு, உறங்குகிறார்கள். ஆயினும் அவர்களுக்கு உறக்கத்துக்கென எட்டரை மணி நேரம் ஒதுக்கப்பட்டும், சராசரியாக ஆறு மணி நேரமே உறங்கினார்கள் என்று 2014-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. அவர்களில் பெரும்பாலோர் உறக்க மாத்திரையை நாடியவர்கள். பின்னர் நிலையத்தின் விளக்குகளையே மாற்றத் தொடங்கினர். விழிப்பு நேரத்தில் நீலம் மிகுந்த வெளிச்சம். உறங்கும் முன் நீலம் குறைந்த மங்கிய வெளிச்சம்.

காரணம் யாதெனில், நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. 'பீரியட்' என்னும் மரபணு உருவாக்கும் புரதம் இரவில் சேர்ந்து பெருகித் தன்னை உருவாக்கிய மரபணுவையே நிறுத்துகிறது. பகலில் அப்புரதம் சிதைந்ததும் மரபணு மீண்டும் இயங்குகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நாள். பழ ஈக்களில் இதனைத் துலக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மனிதரில் இக்கடிகாரத்தின் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளமானது. கண்வழி நுழையும் காலை வெளிச்சம் நாள்தோறும் அதைத் திருத்தி வைக்கிறது. திருத்துவதற்கு ஏதும் இல்லையெனில் அது தன் போக்கில் விலகிச் செல்லும்.

இத்துறையில் நம் மதுரைக்கு உலகம் மதிக்கும் இடம் உண்டு என்பது இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களில் பலருக்குத் தெரியாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் உயிரினங்களின் காலக் கடிகாரத்தை ஆராய ஒரு குழுவை வளர்த்தெடுத்தார். வெளிச்சமும் கடிகாரமும் வானொலியும் எட்டாத தனியறையில் தன்னார்வலர்களைப் பல நாட்கள் தங்கவைத்து, அவர்கள் எப்போது உறங்கி எப்போது விழிக்கிறார்கள் என்று அங்கே பதிவு செய்தனர்.

எனினும் என் சிந்தையை விட்டகலாதது மாரிமுத்து, ராஜன், சந்திரசேகரன் ஆகியோர் 1981-இல் வெளியிட்ட வௌவால் ஆய்வுதான். சூரிய ஒளி எட்டாத குகைக்குள் ஒரு வௌவாலைத் தனிக்கூண்டில் அடைத்தார்கள். அதே குகையில் அதன் இனத்தைச் சேர்ந்தவை விருப்பம்போல் பறந்து திரிந்தன. அந்தியில் கூட்டம் வெளியே கிளம்பும் நேரத்தில், வெளிச்சத்தையே காணாத கூண்டு வௌவாலும் சிறகடித்தது. சுற்றத்தார் இல்லாத குகையில் அடைத்தபோதோ அதன் நேரம் நாளுக்கு நாள் விலகிப் போயிற்று. வேறோர் இன வௌவாலை இந்தக் கூட்டத்தின் நடுவே வைத்துப் பார்த்தார்கள். அது இவற்றின் நேரத்துக்கு இணங்கவில்லை. சூரியனைக் காணாத உயிருக்கும் அதன் கூட்டமே நேரம் காட்டுகிறது, அதுவும் தன் கூட்டமாக இருந்தால் மட்டும்.

இதைப் படித்தவுடன், 1400 ஆண்டுகளுக்கு முன்பே நமக்குச் சொல்லப்பட்டுவிட்டது என்று மேடையில் முழங்கத் தோன்றும். அம்முழக்கத்தில் எனக்கு விருப்பமில்லை. குர்ஆன் இரவை ஆடைக்கு உவமையாக்கி, பகலை வாழ்வாதாரத்துக்கு உரியதாக்குகிறது. அதை நம்புவதற்கு நமக்கு நோபல் பரிசு தேவைப்படவில்லை. நான் கேட்பது வேறு: நம் மஹல்லாவில் கூட்டமாக நாம் எந்த நேரத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறோம்?

இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் அமர்வதையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பது நம் மக்தபில் படிக்கும் சிறுவருக்கும் தெரிந்த ஹதீஸ். ஆனால் நம் வலீமா விருந்துகள் இரவு பத்து மணிக்குத்தான் சூடுபிடிக்கின்றன. அந்த ஹதீஸை விளக்கும் பயானே சில ஊர்களில் நள்ளிரவைத் தாண்டுகிறது! ரமளானில் தராவீஹ் முடிந்தபின் ஸஹர் வரை தெருவில் திரியும் பிள்ளைகளை எல்லா ஊர்களிலும் பார்க்கிறோம்.

பதின்ம வயதினரைப் பற்றி ஒரு சொல். அவ்வயதில் உடலின் கடிகாரம் இயற்கையாகவே சற்றுப் பின்தங்குகிறது என்று ஆய்வாளர்கள் கூறுகின்றனர். பதினைந்து வயது மகன் சுபுஹுக்கு எழத் திணறுவதை முழுவதும் சோம்பல் என்று ஏசுவது நியாயமன்று. ஏற்கெனவே பின்தங்கிய கடிகாரத்தை மேலும் பின்னுக்குத் தள்ளுவது இரவில் அவன் முகத்தருகே ஒளிரும் கைபேசி. ஆனால் அத்தாவும் அம்மாவும் தத்தம் கைபேசியோடு பதினொரு மணிவரை விழித்திருக்கும் வீட்டில், அவனிடமிருந்து மட்டும் அதைப் பிடுங்கிப் பயனில்லை. அவனுக்கு நேரம் காட்டும் கூட்டம் அந்த வீடுதான்.

இனி, ஆலைத் தொழிலாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இராஜபாளையத்தின் நூற்பாலைகள் இரவிலும் ஓடுகின்றன. என்னிடம் ஓதும் பிள்ளைகளில் சிலரின் தந்தையர் ஒரு வாரம் பகலிலும் மறுவாரம் இரவிலும் வேலை செய்கிறார்கள். உடல் ஒரு ஷிஃப்டுக்குப் பழகுமுன் அடுத்தது வந்துவிடுகிறது. விண்வெளி வீரருக்கு விளக்கை மாற்ற ஒரு நிறுவனமே இருக்கிறது. இவருக்கு யார் இருக்கிறார்கள்? உடலின் கடிகாரத்தைக் குலைக்கும் இரவு ஷிஃப்ட் வேலையை, மனிதருக்குப் புற்றுநோயை விளைவிக்கக்கூடும் என்று கருதப்படுபவற்றின் வரிசையில் 2007-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் சேர்த்தது. 2019-இல் மறுபடி ஆராய்ந்தும் அவ்விடத்திலேயே வைத்தது. குடும்பத்தின் ஹலாலான உணவுக்காக அவர் கொடுக்கும் விலை அது.

அவருக்கு நம் ஜமாஅத் செய்யக்கூடியவை எளிய செயல்களே. சுபுஹ் ஜமாஅத்தில் காணவில்லை என்று பொதுவில் சுட்டிப் பேசுவதை முதலில் நிறுத்த வேண்டும். வேலையிடத்தில் தனியே தொழுதவரின் தொழுகையை எடைபோட நாம் யார்? அடுத்து, பாங்கு வெளி ஒலிபெருக்கியில் ஒலிக்கட்டும். பகல் நேரத்து நீண்ட உரைகளும் போட்டி நிகழ்ச்சிகளும் பள்ளிவாசலுக்குள்ளேயே கேட்டால் போதும். காலை எட்டு மணிக்கு வீடு திரும்பி உறங்கும் மனிதரின் ஜன்னல் அந்த ஒலிபெருக்கிக்கு எதிரேதான் இருக்கிறது. இதைச் சொன்னதற்காக என்மீது வருத்தம் கொண்ட பெரியவர்கள் உண்டு. அவர்கள்மீது எனக்கு மரியாதை குறையவில்லை, கருத்தும் மாறவில்லை.

வீட்டுப் பெண்களிடமும் ஒரு வேண்டுகோள். இரவு வேலை பார்த்தவர் உறங்கும் அறைக்கு ஒரு தடித்த திரை போடுங்கள். ளுஹருக்கு எழுப்பிவிட்டு, உணவுக்குப் பின் மீண்டும் சற்றே சாய விடுங்கள். நண்பகல் கைலூலா நம்மிடையே மதிக்கப்பட்ட பழக்கம். அதை முதியோருக்கு மட்டும் விட்டுவிட்டோம்.

நிகாஹ் பதிவுக்கு வரும் குடும்பத்தாரிடம் விருந்தை இஷாவுக்கு முன் முடிக்கும்படி கேட்க நிர்வாகிகள் தயங்குகிறார்கள். மண்டபக்காரர் ஒத்துக்கொள்வார், உறவினர் கோபிப்பர் என்பதே அச்சம். ஒரு குடும்பம் தனியே இதைச் செய்தால் கோபம் வரும்தான். ஜமாஅத்தே தீர்மானம் போட்டு, முதல் விருந்தை நிர்வாகி ஒருவரின் வீட்டிலிருந்தே தொடங்கினால் யாரும் தனித்து நிற்க நேராது. ஷஅபான் பிறக்குமுன் அத்தீர்மானத்தை எடுத்தால், ரமளான் இரவுகளைப் பற்றியும் அதே அமர்வில் பேசிவிடலாம்.