ராபின்சன் பச்சோந்தியா?

டிரினிடாட் டொபேகோ நாட்டின் ஏ.என்.ஆர். ராபின்சனைப் பற்றி ஊறிப்போன தீர்ப்பு ஒன்று உண்டு: பதவிக்காகக் கட்சி மாறிய பச்சோந்தி, அரசு ஊழியர் வயிற்றில் அடித்த பிரதமர், எல்லை மீறிய குடியரசுத் தலைவர். 1926-ல் டொபேகோ தீவின் கால்டர் ஹாலில் பிறந்து, லண்டனில் வழக்கறிஞர் தகுதி பெற்று, ஆக்ஸ்போர்டிலும் படித்து ஊர் திரும்பியவர் அவர். 1986 முதல் 1991 வரை பிரதமர். 1997 முதல் 2003 வரை குடியரசுத் தலைவர். 2014-ல் மறைந்தார். அவர் மீதான குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, பதவிக்காகத் தாவினார் என்பது.

பிரதமர் எரிக் வில்லியம்ஸின் மக்கள் தேசிய இயக்கத்தில் தொடக்கம் முதலே இருந்தவர் ராபின்சன். நிதி, வெளியுறவு என்று பெரிய துறைகள் அவர் கையில் இருந்தன; கட்சியின் துணைத் தலைவரும் அவர்தான். பதவிதான் குறி என்றால் அங்கேயே காத்திருந்திருக்கலாம். 1970-ல் கறுப்பின எழுச்சிப் போராட்டம் நாட்டை உலுக்கியபோது அமைச்சர் பதவியைத் துறந்தார். மறு ஆண்டு தேர்தலையே புறக்கணித்தார். 36 இடங்களும் ஆளுங்கட்சிக்குப் போயின. அரசியல் கணக்கில் அது பெரும் பிழை. ஆனால் நாற்காலி ஆசை பிடித்தவர் செய்கிற பிழை அல்ல. டொபேகோவுக்குத் தன்னாட்சி வேண்டும் என்று 1977-ல் நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். 1980-ல் அந்தத் தீவுக்கென அவை அமைந்ததும், நாடாளுமன்ற இடத்தை விட்டுவிட்டு அதன் தலைவராகப் போனார்.

1995-ல் நடந்தது வேறு. இரண்டு பெரிய கட்சிகளும் தலா 17 இடங்களில் நிற்க, ராபின்சன் தரப்பின் இரண்டு இடங்கள் துருப்புச் சீட்டாயின. பிரதமராக இருந்தபோது 1988-ல் அமைச்சரவையிலிருந்து தாமே நீக்கிய, இப்போது அந்த இரண்டு கட்சிகளில் ஒன்றின் தலைவரான பாஸ்டியோ பாண்டேவையே அவர் ஆதரித்தார். இரண்டு ஆண்டுகளில் குடியரசுத் தலைவரும் ஆனார். இதில் பேரமே இல்லை என்று யாரும் சாதிக்க முடியாது. ஆனால் 1996-ல் டொபேகோ அவைக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் கிடைத்ததும் இந்தக் கூட்டணியில்தான். அவர் எந்த அணியில் இருந்தாலும் டொபேகோவை விட்டுக்கொடுத்ததில்லை.

இரண்டாவது, சம்பள வெட்டு.

ஊழியர் சம்பளத்தில் 10 சதவீதம் குறைத்தார், அகவிலைப்படியை நிறுத்தினார், 1990-ல் 15 சதவீத மதிப்புக் கூட்டு வரியைக் கொண்டுவந்தார். உண்மைதான். எளிய குடும்பங்கள் தவித்ததும் உண்மை. ஆனால் நெருக்கடியை உண்டாக்கியவர் அவர் அல்ல. எண்ணெய் வருமானத்தை நம்பி வாழ்ந்த நாடு அது; 1986-ல் எண்ணெய் விலை சரிந்தது, அந்த ஆண்டின் கடைசியில்தான் அவர் பிரதமரானார். நாணய மதிப்பு அதற்கு முந்தைய ஆண்டே குறைக்கப்பட்டிருந்தது. 33 இடங்களோடு ஆட்சிக்கு வந்த அவரது கட்சியை 1991-ல் மக்கள் டொபேகோவின் இரண்டு இடங்களுக்குள் சுருக்கிவிட்டார்கள். அடுத்து வந்த பேட்ரிக் மேனிங் அரசோ அந்த வரியை எடுக்கவில்லை.

மூன்றாவது, 1990 ஜூலை 27. வீராப்பு பேசிப் பிணைக்கைதிகளின் உயிரோடு விளையாடினார் என்பார்கள்.

கிளர்ச்சித் தலைவர் யாசின் அபு பக்கரின் ஆட்கள் நாடாளுமன்றம் கூடியிருந்த ரெட் ஹவுஸுக்குள் துப்பாக்கிகளோடு புகுந்தார்கள். பிரதமரை அடித்தார்கள்; ராணுவத்தைப் பின்வாங்கச் சொல் என்று மிரட்டினார்கள். அவர் முழு பலத்தோடு தாக்குங்கள் என்று சொன்னார். காலில் சுட்டார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு ராணுவம் கண்மூடித்தனமாக உள்ளே பாயவில்லை. பேச்சுவார்த்தை நடந்தது, ஆறாம் நாள் கிளர்ச்சியாளர்கள் சரணடைந்தார்கள். துப்பாக்கி முனையில் ஆணை பிறப்பிக்க ஒரு பிரதமர் மறுத்தார். அதை வீராப்பு என்பது நியாயமில்லை.

நான்காவது, எல்லை மீறல்.

2001 டிசம்பர் தேர்தலில் பாண்டே, மேனிங் கட்சிகள் இரண்டும் 18-18. குடியரசுத் தலைவரே முடிவெடுக்கட்டும் என்று தலைவர்கள் இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அவர் மேனிங்கைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் பாண்டே கொதித்தார். ஒழுக்க, ஆன்மிக விழுமியங்களை ராபின்சன் காரணம் காட்டியது பலவீனமான வாதம். பாண்டே கட்சிக்குத்தான் வாக்குகள் கூடுதல். ஆனால் அதிகாரம் ராபின்சனுக்கு இருந்தது. அரசியல் சட்டம் கொடுத்தது. அவர் உண்மையில் தவறியது அதற்கு முன்பு: தேர்தலில் தோற்றவர்களை செனட்டர்களாக்கும்படி பிரதமர் பாண்டே பரிந்துரைத்தபோது வாரக்கணக்கில் இழுத்தடித்தார். அங்கே விமர்சகர்கள் பக்கமே நியாயம்.

கடைசியாக, சர்வதேச குற்றவியல் நீதிமன்றம். அது மேற்கு நாடுகளின் படைப்பு, ராபின்சன் பெயரை ஒப்புக்குச் சேர்க்கிறார்கள் என்பது.

1989-ல் இந்த யோசனையை ஐ.நா. பொதுச்சபையில் மீண்டும் உயிர்ப்பித்தது டிரினிடாட்தான், அப்போதைய பிரதமர் ராபின்சன்தான். போதைப்பொருள் கடத்தல் கும்பல்களைத் தனியாகச் சமாளிக்க முடியாத சிறு நாட்டின் கோரிக்கை அது. 1998-ல் ரோமில் ஒப்பந்தம் நிறைவேறியபோது எதிர்த்து வாக்களித்த ஏழு நாடுகளில் அமெரிக்காவும் ஒன்று. அந்த ஒப்பந்தத்தை உறுதிசெய்த இரண்டாவது நாடு டிரினிடாட். ராபின்சன் கேட்ட போதைப்பொருள் குற்றம் மட்டும் அதில் சேரவே இல்லை.

பிழைகள் அவரிடம் இருந்தன. 1971 புறக்கணிப்பும் செனட்டர் இழுபறியும் அவர் கணக்கில்தான் சேரும். ஆனால் பச்சோந்தி என்ற பட்டம் அவருக்குப் பொருந்தாது.